ஜூரியாக அமர்ந்தவர்களின் அனுபவம்: இங்கே எழுதுங்கள்

செங்காந்தள் எழுதியது:

கடுமையான குற்ற வழக்குகளை விசாரிக்கும் இங்கிலாந்தின் கிரவுன் நீதிமன்றம் ஒன்றில் ஜூரியாக, அதாவது குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் பொதுமக்கள் குழுவில் ஒருவராக, அமர்ந்து அண்மையில்தான் விடுபட்டேன். வழக்கின் விவரத்தையோ ஆலோசனை அறைக்குள் யார் என்ன பேசினார்கள் என்பதையோ எழுதப் போவதில்லை, எழுதவும் கூடாது. ஆனால் அந்தப் பணி ஒருவரிடம் எதை எதிர்பார்க்கிறது என்பதைப் பொதுவாகப் பேசலாம் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன். வேறு நாடுகளில் அமர்ந்தவர்களும் எழுதினால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

நடைமுறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாக்காளர் பட்டியலிலிருந்து கணினி குருட்டாம்போக்கில் எடுக்கும் பெயர்களுக்கு அழைப்பாணை வருகிறது. 18 முதல் 75 வயது வரை உள்ளவர்கள் அழைக்கப்படலாம். பிரிட்டிஷ் குடியுரிமை இருந்தால்தான் வரும் என்று நம்மவர் பலர் நினைக்கிறார்கள். வாக்காளராகப் பதிந்துள்ள காமன்வெல்த் நாட்டவருக்கும், 13 வயதுக்குப் பிறகு ஐந்து ஆண்டுகளாவது இந்நாட்டில் வசித்திருந்தால், வரும். போனவுடன் வழக்கில் உட்கார வைத்துவிடுவதில்லை. பெரும்பகுதி நேரம் காத்திருப்பு அறையில்தான் கழிகிறது. பிறகு தேவைக்கும் சற்றுக் கூடுதலான பேரை நீதிமன்றத்துக்குள் அழைத்துச் செல்கிறார்கள். எழுத்தர் அட்டைகளைக் கலைத்து ஒவ்வொன்றாக எடுத்துப் பன்னிரண்டு பெயர்களை வாசிக்கிறார். நீங்கள் விரும்பும் புனித நூலின் மீது சத்தியம் செய்யலாம், இல்லையென்றால் மதச் சார்பற்ற உறுதிமொழி எடுக்கலாம். அவ்வளவுதான், அந்த நொடியிலிருந்து ஒருவருடைய வாழ்க்கையைத் தீர்மானிக்கும் பன்னிருவரில் நீங்களும் ஒருவர்.

கடினமானது என்று நான் நினைத்திருந்தது சட்டம். ஆனால் சட்டத்தை நீதிபதி பொறுமையாக விளக்குகிறார். எந்தக் கேள்விக்கு முதலில் விடை காண வேண்டும், ஆம் என்றால் எங்கே செல்ல வேண்டும், இல்லை என்றால் எங்கே நிறுத்த வேண்டும் என்று எழுத்திலேயே வரிசைப்படுத்தித் தருகிறார். உண்மையில் கடினமாக இருந்தது மனத்தைக் கட்டி வைப்பது. சாட்சி பேசத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே, அவருடைய குரலையும் கைகளையும் பார்த்து, இவர் உண்மை சொல்கிறார், இவர் மழுப்புகிறார் என்று உள்ளுக்குள் ஒரு முடிவு உருவாகிவிடுகிறது. அடுத்து வரும் குறுக்கு விசாரணையை அந்த முடிவின் வழியாகவே கேட்கத் தொடங்கிவிடுகிறோம். குற்றம் செய்தார் என்பதில் உங்களுக்கு உறுதி இருந்தால் மட்டுமே குற்றவாளி எனச் சொல்லுங்கள் என்று நீதிபதி அறிவுறுத்துகிறார். கேட்கும்போது எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் 'அநேகமாகச் செய்திருப்பார்' என்று மனம் சொல்லும் மனிதரையும், 'செய்யவே இல்லை' என்று தோன்றும் மனிதரையும் ஒரே சொல்லால் விடுவித்தாக வேண்டும் என்பதை உணரும்போது, அதுவரை நாம் வாழ்க்கையில் எடுத்த எந்த முடிவும் இந்த அளவுகோலில் எடுக்கப்பட்டதில்லை என்பது புரிகிறது.

சாட்சியிடம் நாம் நேரடியாகக் கேள்வி கேட்க முடியாது என்பது பலருக்குத் தெரியாது. சந்தேகம் எழுந்தால் ஒரு தாளில் எழுதி நீதிமன்றப் பணியாளரிடம் கொடுக்க வேண்டும். நீதிபதி அதைப் படித்துவிட்டு இரு தரப்பு வழக்கறிஞர்களுக்கும் காட்டுவார். மூவரும் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வார்கள். பிறகு, அது குறித்துச் சாட்சியம் எதுவும் உங்கள் முன் இல்லை, கேட்ட சாட்சியத்தை மட்டும் வைத்து முடிவு செய்யுங்கள் என்ற பதில் வரும். அந்தத் தாளை மடித்துக் கொடுத்தபோது எனக்கிருந்த எதிர்பார்ப்பு எவ்வளவு சிறுபிள்ளைத்தனமானது என்று பிறகுதான் தோன்றியது. உண்மை முழுவதையும் கண்டுபிடிக்க நம்மை அங்கே உட்கார வைக்கவில்லை. அரசுத் தரப்பு சொன்னதை அது நிரூபித்துவிட்டதா என்று பார்க்கத்தான் வைத்திருக்கிறார்கள்.

வழிப்போக்கன் எழுதியது:

மிக நல்ல தொடக்கம், நன்றி. ஆனால் எல்லோருக்கும் ஆர்வம் அந்த அறைக்குள் என்ன நடந்தது என்பதில்தானே? ஊரையும் பெயரையும் தவிர்த்துவிட்டு, முதல் வாக்கெடுப்பில் எத்தனை பேர் எந்தப் பக்கம் இருந்தார்கள், யார் மனம் மாறினார்கள் என்று மட்டும் சொன்னால் என்ன தவறு?

நெறியாளர் எழுதியது:

தவறு இருக்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஜூரிகளின் ஆலோசனையை வெளிப்படுத்துவது குற்றம். முன்பு 1981 ஆம் ஆண்டின் நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தின் கீழ் இருந்த இந்தத் தடை, 2015 இல் 1974 ஆம் ஆண்டின் ஜூரிகள் சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டது. பெயரை மறைத்துவிட்டால் போதும் என்ற விதிவிலக்கு அதில் இல்லை. வழக்கு நடக்கும்போது ஜூரிகள் அதைப் பற்றி இணையத்தில் தேடுவதும் அதே சட்டத்தின்படி குற்றமே. இரண்டு ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். கனடாவிலும் குற்றவியல் சட்டத்தின் 649 ஆம் பிரிவு இதே போன்ற தடையை விதிக்கிறது. அமெரிக்காவில் வழக்கு முடிந்த பிறகு பேசுவதற்குப் பொதுவாகத் தடை இல்லை. எனவே அவரவர் நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டு எழுதும்படியும், மற்றவர்களைத் தூண்டாதபடியும் கேட்டுக்கொள்கிறேன்.

எண்ணிக்கையில் ஆர்வமுள்ளவர்களுக்கு ஒரு செய்தி. இங்கிலாந்தில் 1967 முதல் 10-க்கு 2 என்ற பெரும்பான்மைத் தீர்ப்பு அனுமதிக்கப்படுகிறது. அப்படிப் பெரும்பான்மையால் குற்றவாளி என முடிவானால், எத்தனை பேர் உடன்பட்டார்கள் என்பதை ஜூரியின் தலைவர் திறந்த நீதிமன்றத்திலேயே சொல்ல வேண்டும். விடுதலை என்றால் அந்த எண்ணிக்கை கேட்கப்படுவதில்லை. விடுதலையானவர் மீது 'இரண்டு பேர் நம்பவில்லையாம்' என்ற நிழல் விழக் கூடாது என்பதே காரணம்.

அலைகடல் எழுதியது:

நான் அமெரிக்காவில் மாநில நீதிமன்றம் ஒன்றின் குற்ற வழக்கில் அமர்ந்தவன் என்பதால் அறைக்குள் நடந்ததை ஓரளவு சொல்ல முடியும். இங்கே குடிமக்கள் மட்டுமே ஜூரியாக முடியும். இங்கிலாந்தைப் போல அட்டையை எடுத்தவுடன் உட்கார வைப்பதும் இல்லை. நீதிபதியும் வழக்கறிஞர்களும் நம்மிடம் வெகுநேரம் கேள்வி கேட்கிறார்கள். நீங்கள் எப்போதாவது தாக்கப்பட்டிருக்கிறீர்களா, காவல்துறையில் உறவினர் இருக்கிறார்களா, காவலர் சொல்வதைச் சாதாரண மனிதர் சொல்வதைவிடக் கூடுதலாக நம்புவீர்களா என்பன போன்றவை. முன்பின் தெரியாதவர்கள் முன்னிலையில் இவற்றுக்கு உண்மையாகப் பதில் சொல்வதே ஒரு பயிற்சி.

எங்கள் வழக்கில் இரண்டு குற்றச்சாட்டுகள். கதவு மூடியதும் யாரோ ஒருவர், முதலில் கை உயர்த்தி யார் எந்தப் பக்கம் என்று பார்த்துவிடலாம் என்றார். எல்லோரும் தலையாட்டினோம். அந்த ஒரு செயலால் அரை நாள் வீணானது. கையை உயர்த்திவிட்ட மனிதர், தான் சொன்னதைக் காப்பாற்றுவதற்காகவே பேசத் தொடங்குகிறார். சாட்சியத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு எதிர்ப்பக்கத்தவரின் முகத்தைப் பார்க்கிறார். குரல்கள் உயர்ந்த பிறகு, அதுவரை வாயே திறக்காத ஒரு பெண்மணி எழுந்து போய் வெண்பலகையில் நீதிபதி தந்த அறிவுறுத்தலிலிருந்து குற்றத்தின் கூறுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார். பொருள் எடுக்கப்பட்டதா, பலம் பயன்படுத்தப்பட்டதா, எடுக்கும் நோக்கத்துடன்தான் அந்தப் பலம் பயன்படுத்தப்பட்டதா. முதல் இரண்டிலும் யாருக்கும் மாற்றுக் கருத்தே இல்லை என்பது சில நிமிடங்களில் தெரிந்துவிட்டது. காலை முழுவதும் நாங்கள் சண்டையிட்டது மூன்றாவது வரிக்காக மட்டுமே. அதன் பிறகு, அந்த மூன்றாவது வரியைப் பற்றி எந்தெந்தச் சாட்சி என்ன சொன்னார் என்று அவரவர் குறிப்பேட்டிலிருந்து படிக்கச் சொன்னோம். ஒரே வாக்கியத்தை நான்கு பேர் நான்கு விதமாகக் குறித்து வைத்திருந்தோம்! எழுத்துப் பதிவை வாசிக்கும்படி நீதிபதியிடம் கேட்டுப் பெற்று, அதைக் கேட்ட பிறகுதான் தெளிவு பிறந்தது. ஒரு குற்றச்சாட்டில் குற்றவாளி, மற்றொன்றில் இல்லை என்று முடித்தோம்.

இங்கே கடுமையான குற்ற வழக்குகளில் ஜூரியில் உள்ள அனைவரும் உடன்பட வேண்டும். லூசியானாவும் ஆரிகனும் மட்டும் நெடுங்காலம் 10-க்கு 2 என்பதை ஏற்றுவந்தன. 2020 இல் ராமோஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. ஒருமனதாக வேண்டும் என்பதன் அருமை அந்த அறையில் இருந்தவர்களுக்குத் தெரியும். பத்துப் பேர் போதும் என்றிருந்தால் அந்தப் பெண்மணி பலகைக்குப் போவதற்கு முன்பே நாங்கள் மணியடித்திருப்போம்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

எல்லாம் சரி, ஆனால் பல ஆண்டுகள் சட்டம் பயின்று, சாட்சிகளைப் பார்த்துப் பழகிய நீதிபதி அங்கேயே அமர்ந்திருக்கும்போது, பன்னிரண்டு அனுபவமற்றவர்களை வரவழைத்து அவர்களிடம் முடிவை ஒப்படைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. மேலே நண்பர் எழுதியதையே பாருங்கள்: ஒரே வாக்கியத்தை நான்கு விதமாகக் குறித்திருக்கிறார்கள். இந்தியாவில் இந்த முறையை ஒழித்ததே, மனைவியின் காதலரைச் சுட்டுக் கொன்ற கடற்படை அதிகாரி நானாவதியின் வழக்கினால்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். பத்திரிகைகள் அவரைக் கதாநாயகனாக்கின, ஜூரிகளும் 8-க்கு 1 என்று விடுவித்தார்கள். மக்கள் மனநிலைக்கேற்ப ஆடும் நீதி நமக்குத் தேவையா?

கல்வெட்டு எழுதியது:

ஐயா, நானாவதி வழக்கினால்தான் ஜூரி முறை ஒழிந்தது என்பது திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டு உண்மைபோல ஆகிவிட்ட ஒன்று. துப்பாக்கிச் சூடு நடந்தது 1959 ஏப்ரலில். அதற்கு முந்தைய ஆண்டிலேயே, அதாவது 1958 இல், சட்ட ஆணையத்தின் 14 ஆவது அறிக்கை ஜூரி முறையைக் கைவிடப் பரிந்துரைத்துவிட்டது. பல மாநிலங்கள் ஏற்கெனவே அதிலிருந்து விலகத் தொடங்கியிருந்தன. நானாவதி வழக்குக்குப் பிறகும் சில இடங்களில் ஜூரி விசாரணைகள் நடந்தன; 1973 இல் இயற்றப்பட்டு 1974 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த குற்ற விசாரணை முறைச் சட்டம்தான் அதை முழுமையாக நீக்கியது. மேலும் அந்த வழக்கில் ஜூரியின் முடிவோடு கதை முடியவில்லை. அமர்வு நீதிபதி அந்த முடிவை ஏற்க மறுத்து உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார். உயர் நீதிமன்றம் குற்றவாளி என்றது. 1961 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. ஜூரி சொன்னதை நீதிபதி ஏற்க மறுக்கலாம் என்ற ஏற்பாடு இருந்த முறையை, ஜூரியின் சொல்லே இறுதி என்ற முறையோடு ஒப்பிடுவது பொருந்தாது. இன்றும் பார்சி சமூகத்தின் மண வழக்குகளில் நீதிபதியுடன் அச்சமூகப் பிரதிநிதிகள் அமரும் ஏற்பாடு இந்தியச் சட்டத்தில் இருக்கிறது என்பது ஒரு கூடுதல் தகவல்.

நீதிபதியும் ஜூரிகளும் எவ்வளவு வேறுபடுகிறார்கள் என்ற கேள்விக்குப் பழைய ஆய்வு ஒன்று உண்டு. சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கால்வென், ஸைசல் என்ற இருவர், 3,576 வழக்குகளில் ஜூரியின் முடிவையும், அதே வழக்கைத் தனியாக விசாரித்திருந்தால் தாம் என்ன முடிவுக்கு வந்திருப்போம் என்று நீதிபதிகள் சொன்னதையும் ஒப்பிட்டு 1966 இல் வெளியிட்டார்கள். ஏறத்தாழ 78 விழுக்காட்டில் இருவரும் ஒன்றுபட்டார்கள். வேறுபட்ட வழக்குகளில் பெரும்பாலானவற்றில் ஜூரிகளே கூடுதல் இரக்கம் காட்டினார்கள். இதை நீங்கள் குறையாகவும் கொள்ளலாம், நிறையாகவும் கொள்ளலாம்.

ஆனாலும் உங்கள் ஐயத்துக்குப் பெரிய துணைகள் இருக்கிறார்கள் என்பதை மறைக்க விரும்பவில்லை. சிங்கப்பூர் 1969 இல் ஜூரியை முற்றிலும் நீக்கியது. மலேசியா 1995 தொடக்கத்தில் நீக்கியது. லீ குவான் யூ வழக்கறிஞராக இருந்த காலத்தில் கலவர வழக்கொன்றில் கொலைக் குற்றம் சாட்டப்பட்ட நால்வருக்காக ஜூரி முன் வாதாடி வென்றவர். வென்ற அந்த அனுபவமே அவருக்கு அம்முறையின் மீது அவநம்பிக்கையை வளர்த்தது.

செங்காந்தள் எழுதியது:

ஏட்டுச்சுவடி ஐயா அவர்களின் கேள்வி நியாயமானது. அமர்வதற்கு முன் என் கருத்தும் ஏறக்குறைய அதுவாகவே இருந்தது. ஆனால் உள்ளே இருந்தபோது ஒன்றைக் கவனித்தேன். விசாரணையின் நடுவே பலமுறை எங்களை வெளியே அனுப்பினார்கள். ஒரு சான்றை ஏற்கலாமா கூடாதா என்ற சட்ட வாதம் நடக்கும்போது ஜூரிகள் அதைக் கேட்கக் கூடாது என்பதே காரணம். ஏற்கத் தகாதது என முடிவானால் அப்படி ஒன்று இருந்ததே எங்களுக்குத் தெரியாது. தனி நீதிபதி விசாரிக்கும்போது அவரே அதைக் கேட்டு, அவரே விலக்கி, கேட்காதவர்போல அவரே தீர்ப்பும் எழுத வேண்டும். பயிற்சியால் அது இயலும் என்கிறார்கள். எனக்கு முழு நம்பிக்கை இல்லை.

நான்கு விதமான குறிப்புகள் பற்றி: ஒருவர் மட்டும் எழுதியிருந்தால் அந்தக் குறிப்பு தவறு என்று யாருக்கும் தெரிந்திருக்காதே!

பழக்கம் என்பதையும் பாருங்கள். அதே வகையான வழக்குகளை ஆண்டுக்கணக்கில் பார்ப்பவருக்கு, குற்றம் சாட்டப்பட்டவர் சொல்லும் விளக்கம் ஏற்கெனவே நூறு முறை கேட்டதாக இருக்கும். எங்களுக்கு அது முதல் முறை. அந்த விளக்கம் உண்மையாக இருக்க வாய்ப்புண்டா என்று முதல் முறையாகக் கேட்பவர்போல எடைபோட எங்களால் முடிந்தது.

பனிமலர் எழுதியது:

கனடாவில் கொலை வழக்கொன்றில் அமர்ந்தேன். ஆலோசனையைப் பற்றி ஒரு சொல்லும் எழுத முடியாது என்பதால் அதைச் சுற்றியிருந்தவற்றை மட்டும் எழுதுகிறேன். இங்கே ஆலோசனை தொடங்கிவிட்டால் முடிவு வரும்வரை வீட்டுக்கு அனுப்புவதில்லை. இரவில் விடுதியில் தங்க வைக்கிறார்கள். கைபேசியை வாங்கிக்கொள்கிறார்கள், அறையில் தொலைக்காட்சியும் இயங்காது, நடைக்கூடத்தில் நீதிமன்ற அலுவலர் உட்கார்ந்திருப்பார். பகலெல்லாம் பார்த்த பிரேதப் பரிசோதனைப் படங்களோடு ஒரு வெற்றுச் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

அதைவிடப் பெரியது அதற்குப் பிறகு வந்தது. தீர்ப்பைச் சொன்னோம், நீதிபதி நன்றி சொன்னார், பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே விட்டார்கள். அடுத்த நாள் வேலைக்குப் போக வேண்டும். தூக்கம் வரவில்லை என்று மருத்துவரிடம் சொல்லலாம். ஏன் வரவில்லை என்பதைச் சொல்ல முடியாது, ஏனென்றால் என்னை உறுத்திக்கொண்டிருந்தது அந்த அறையில் நடந்த பேச்சுதான். முன்னாள் ஜூரிகள் பலர் நாடாளுமன்றக் குழு முன் இதையே சொன்னதன் பயனாக, 2022 இல் சட்டம் திருத்தப்பட்டு, மருத்துவ, மனநல வல்லுநரிடம் சிகிச்சைக்காகப் பேசுவதற்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. நான் அமர்ந்தது அதற்கு முன். இப்போது அமர்பவர்கள் இந்த வாய்ப்பைத் தயங்காமல் பயன்படுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சாட்சியத்தைக் கேட்டு முடிவெடுக்கும் உறுதி ஒருவருக்கு இருக்கிறது என்பதால், அது அவரைப் பாதிக்காது என்று பொருளில்லை.

நெய்தல் எழுதியது:

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். நான் ஜூரியாக அமர்ந்ததில்லை. எனினும் நம்மவர்கள் இந்த முறையைப் பற்றிப் பேசும்போது இலங்கையைத் தவிர்க்க முடியாது. இங்கே மேல் நீதிமன்றத்தில் ஜூரி விசாரணை இன்றும் சட்டத்தில் உண்டு, ஆனால் மிக அரிதாகவே நடக்கிறது. ஜூரிமார் பன்னிருவர் அல்லர், எழுவர். ஐந்துக்கு இரண்டு என்ற பெரும்பான்மை போதும். ஜூரிமாரின் பட்டியல் மொழிவாரியாக இருப்பதும், எந்த மொழி பேசும் ஜூரிமார் வேண்டும் என்று எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) தெரிவுசெய்யலாம் என்பதும்தான் இங்குள்ள தனித்தன்மை. தன்னைத் தீர்ப்பவர்கள் தன் மொழியை நேரடியாக விளங்கிக்கொள்ள வேண்டும் என்ற நல்ல நோக்கத்தில் பிறந்த ஏற்பாடுதான் அது.

ஆனால் தமிழர்கள் கொல்லப்பட்ட 1996 குமாரபுரம் படுகொலை வழக்கில், அனுராதபுரம் மேல் நீதிமன்றத்தில், ஆறு இராணுவத்தினரையும் ஜூரிமார் 2016 ஜூலையில் விடுவித்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில், நாடாளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜ் கொலை வழக்கிலும் சிங்களம் பேசும் ஜூரிமார் எதிரிகளை விடுதலை செய்தார்கள். அந்தச் சாட்சியங்களை நான் நேரில் கேட்கவில்லை. ஆதலால் ஜூரிமார் பிழை செய்தார்கள் என்று எழுதமாட்டேன். ஆனால் பாதிக்கப்பட்டவர்களின் சமூகத்திலிருந்து ஒருவர்கூட அமர இயலாத ஒரு சபை, காரணம் எதையும் எழுத வேண்டிய கடமையின்றி ஒற்றைச் சொல்லில் முடிவைச் சொல்லும்போது, தோற்றவர்கள் அதை எப்படி நம்புவார்கள்? நீதிபதி எழுதும் தீர்ப்பில் காரணம் இருக்கும். பிடிக்காவிட்டாலும் படித்துப் பார்க்கலாம், மேன்முறையீட்டில் அதோடு வாதிடலாம். செங்காந்தள் அவர்கள் சொல்லும் நன்மைகளை நான் மறுக்கவில்லை. அவையெல்லாம் யார் அமர்கிறார்கள் என்பதைப் பொறுத்தவை என்பதே என் நிலைப்பாடு.

அலைகடல் எழுதியது:

நெய்தல் அவர்கள் தொட்டதுதான் இந்த முறையின் உயிர்நிலை. அமெரிக்காவில் காரணம் சொல்லாமலே ஒருவரை நீக்கும் உரிமை வழக்கறிஞர்களுக்கு உண்டு. கறுப்பின மக்களை ஜூரியிலிருந்து விலக்கி வைக்க அது நெடுங்காலம் பயன்பட்டது. இனத்தைக் காரணமாக வைத்து நீக்கக் கூடாது என்று 1986 இல் பாட்சன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதன் பிறகும் வேறு ஏதாவது காரணத்தைச் சொல்லி நீக்குவது நின்றபாடில்லை. நான் அமர்ந்த வழக்கிலேயே, குற்றம் சாட்டப்பட்டவரின் நிறத்தைச் சேர்ந்த இருவர் எழுந்து வெளியே போனபோது, அடுத்த நாற்காலியில் இருந்த நான் நகர்ந்து வந்து நிரப்பினேன். அவர்கள் ஏன் அனுப்பப்பட்டார்கள் என்று எனக்குச் சொல்லப்படவில்லை.

பனிமலர் எழுதியது:

கனடாவில் அந்த உரிமை 2019 இல் இரு தரப்புக்கும் நீக்கப்பட்டுவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டு, பழங்குடி இளைஞர் ஒருவர் சுடப்பட்டு இறந்த வழக்கில் வெளிப்படையாகப் பழங்குடியினராகத் தெரிந்த எவரும் ஜூரியில் இடம்பெறவில்லை என்ற கொந்தளிப்பே உடனடிக் காரணம். இங்கிலாந்தில் 1988 இலேயே நீக்கிவிட்டார்கள். ஆனால் சிறுபான்மையினரைத் தம் ஜூரியில் தக்கவைக்க அந்த உரிமையைப் பயன்படுத்திவந்த எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் இதை எதிர்த்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

புதியவன் எழுதியது:

இந்த இழையை முழுவதும் படித்தேன். எனக்கு இங்கிலாந்தில் முதல் அழைப்பாணை வந்திருக்கிறது. சுயதொழில் செய்கிறேன், குறிப்பிட்ட இரண்டு வாரங்களில் போவது மிகக் கடினம். ஆங்கிலம் வேலைக்குப் போதுமானது, ஆனால் வழக்கறிஞர்கள் பேசுவது புரியுமா என்ற அச்சமும் இருக்கிறது. பதில் போடாமல் விட்டால் என்ன ஆகும்? பழக்கமான காவலர் ஒருவர் இருக்கிறார், அதைக் காரணமாகச் சொல்லலாமா?

செங்காந்தள் எழுதியது:

தம்பி, பதில் போடாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். 1,000 பவுண்டு வரை அபராதம் விதிக்கலாம். ஏழு நாட்களுக்குள் பதிலளிக்க வேண்டும். தொழில் காரணமாக ஒத்திவைக்கக் கேட்கலாம். ஒரு முறைதான் கிடைக்கும், அடுத்த பன்னிரண்டு மாதங்களுக்குள் உங்களுக்கு ஏற்ற தேதிகளையும் நீங்களே குறிப்பிட்டு அனுப்ப வேண்டும். முழுமையாக விலக்கு கேட்பதைவிட ஒத்திவைப்புக் கேட்பதே எளிதில் ஏற்கப்படும். வருமான இழப்புக்கு ஒரு வரம்புக்குட்பட்ட ஈடு தருவார்கள், ஆனால் அதை நம்பிக் கணக்குப் போட வேண்டாம்.

மொழி பற்றிய அச்சம் எனக்கும் இருந்தது. வழக்கறிஞர்கள் தெளிவாகவே பேசுகிறார்கள். அவர்கள் நம்மை நம்ப வைக்க வேண்டுமே. வேகமாகவும் விழுங்கி விழுங்கியும் பேசுபவர்கள் சாட்சிகள்தான். உண்மையிலேயே பின்தொடர முடியவில்லை என்றால் தொடக்கத்திலேயே பணியாளரிடம் சொல்லுங்கள். மொழி போதாது என்று கருதினால் நீதிபதி உங்களை விடுவிக்கலாம். புரியாமல் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் யாருக்கும் நல்லதல்ல.

காவலரைத் தெரியும் என்பது மட்டும் விலக்குக்குக் காரணமாகாது. வழக்கு தொடங்கும் முன் சாட்சிகளின் பெயர்களை வாசிப்பார்கள்; அவருடைய பெயர் வந்தால் அந்த இடத்திலேயே சொல்லிவிடுங்கள், உங்களை வேறு வழக்குக்கு மாற்றிவிடுவார்கள்.